சீலோவில் போட்ட சீட்டு

வன்னியில் காணிப் பேச்சு எழுந்தால் பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) யார் பெயரில், எல்லைக்கல் எங்கே, முன்பு அங்கே இருந்தவர் யார் என்று கேட்காமல் எவரும் விடமாட்டார்கள். குடியேற்றத் திட்டங்களும் இடப்பெயர்வுகளும் தந்த அந்தப் பழக்கத்தோடுதான், இஸ்ரவேலர் கானான் நாட்டைத் தங்கள் கோத்திரங்களுக்குள் பங்கிட்டதைச் சொல்லும் பைபிளின் யோசுவா நூலின் 13 முதல் 21 வரையான அதிகாரங்களை வாசித்தேன். கோத்திரத்துக்கு மூவராக ஆட்களை அனுப்பி, நாட்டை ஏழு பங்காக எழுதுவித்து, காணி கிடைக்காதிருந்த ஏழு கோத்திரங்களுக்கும் சீலோ என்ற ஊரில் சீட்டுப்போட்டுப் பிரித்ததாக அது சொல்கிறது. இது அன்றைக்கே எழுதிய பதிவு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யூதா கோத்திரத்துக்குப் பகுதி பகுதியாக நூற்றுக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்கள் வருகின்றன. எப்பிராயீமுக்கோ எல்லைக்கோடு மட்டுமே, ஊர்ப்பட்டியல் இல்லை. யூதாவின் பட்டியல் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யூதா அரசை ஆண்ட யோசியா மன்னனின் ஆட்சிப் பிரிவுகளைக் காட்டுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் ஆல்ட் 1925இல் வாதிட்டார். அந்த மன்னன் யோசியாதானா என்பதில் பின்வந்தோர் வேறுபட்டாலும், ஓர் அரசின் நிர்வாக ஏடே இங்கு முன்னோர் காலத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறது என்ற அடிப்படை எனக்கு வலுவானதாகவே தெரிகிறது.

எருசலேமின் நிலை இன்னும் சிக்கலானது. 18ஆம் அதிகாரம் அதைப் பென்யமீன் கோத்திரத்தின் பங்கில் வைக்கிறது. அங்கு முன்பே குடியிருந்த எபூசியரை யூதாவால் துரத்த முடியவில்லை என்று 15ஆம் அதிகாரமும், பென்யமீன் துரத்தவில்லை என்று நியாயாதிபதிகள் நூலின் முதல் அதிகாரமும் கூறுகின்றன. ஒரே காணிக்கு இரண்டு பத்திரம் இருந்தால் எந்தக் காணிக் கச்சேரியிலும் கேள்வி எழும். ஆனாலும் துரத்த முடியாமற்போனதைச் சொல்லும் இத்தகைய வரிகளையே நான் அதிகம் நம்புகிறேன்; வெற்றியைப் பாட வந்தவர்கள் இதைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

என்னை அதிகம் நிறுத்திவைத்தவர்கள் மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்தின் ஐந்து மகள்மார். ஆண்பிள்ளை இல்லாத தகப்பனின் பங்கைத் தங்களுக்குத் தரும்படி அவர்கள் கேட்டுப் பெறுகிறார்கள். பின்னர், காணி வெளியே போகாதபடி தகப்பனின் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பைபிளின் எண்ணாகமம் நூலின் 36ஆம் அதிகாரத்தில் வருகிறது. பின்னுரிமையாளர் பெயரிடப்படாத பேர்மிட் காணியில் மகளுக்கு முன் மகனையே வைத்த 1935ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது என்பதை அறிந்த எங்கள் பெண்களுக்கு அந்தக் கோரிக்கையின் கனம் விளங்கும். ஆனால், அந்த ஐவரில் நோவாள், ஒக்லாள் என்ற இரு பெயர்கள், வட இஸ்ரவேல் அரசின் தலைநகராயிருந்த சமாரியாவில் 1910இல் கண்டெடுக்கப்பட்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டு மட்பாண்டச் சில்லுகளில், எண்ணெயும் திராட்சரசமும் அனுப்பிய பகுதிகளின் பெயர்களாக இருக்கின்றன. அவர்களுடைய கதைக்குள் வட இஸ்ரவேலின் உண்மையான குறிச்சிகள் இருக்கின்றன என்றே நான் கொள்கிறேன்.