கோபம் வந்தால் மை தெறிக்கும்

மறுமலர்ச்சிக் கால ஓவியம் வீடியோ கேம்களைப் பாதித்தது பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் 'அசாசின்ஸ் கிரீட் 2'-ஐத்தான் (2009) காட்டுகிறார்கள். நல்ல விளையாட்டு. புளோரன்ஸ் நகரத் தேவாலயத்துக்குப் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தின் மேல் ஏறி நானும் பொழுதைப் போக்கியிருக்கிறேன். ஆனால் அங்கே ஊரும் உடையும் கட்டடமும்தான் மறுமலர்ச்சிக் காலம்; படம் வரையப்பட்ட முறை முழுக்க இந்தக் காலத்து முப்பரிமாணம்.

2022-இல் அப்சிடியன் நிறுவனம் வெளியிட்ட 'பென்டிமென்ட்' வேறு வகை. கதை 1518-இல் ஜெர்மனியின் பவேரியாவில் தொடங்குகிறது. நாயகன் அந்திரேயாஸ் மாலர் ஓர் ஓவியன். மடாலயத்தில் கையெழுத்து நூல்களுக்குப் படம் வரைகிறான். அச்சு பரவிவிட்ட காலத்தில் அந்த வேலையே பழையதாகிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் கறுப்புக் கோடும் தட்டையான வண்ணமுமாக, மரக்கட்டையில் செதுக்கி மை பூசி அச்சிட்ட அந்தக் காலத்துப் படங்களைப் போலவே நடமாடுகிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது எழுத்து. இந்த விளையாட்டில் யாருக்கும் குரல் கிடையாது. பேனா கீறும் ஓசையோடு வசனம் எழுதப்படுகிறது. குடியானவருக்கு ஒரு கையெழுத்து, துறவிக்குக் கூர்கூரான கோதிக் எழுத்து. அச்சகக்காரர் கிளாஸ் டிரக்கர் வாய் திறந்தால் அச்செழுத்துகள் கோக்கப்பட்டு அப்படியே பதிகின்றன. கோபம் வந்தால் மை தெறிக்கும். கடவுளின் பெயருக்கு இடம் விட்டு, கடைசியில் சிவப்பு மையால் நிரப்புவார்கள். இதையெல்லாம்விடக் குறும்பு ஒன்று உண்டு: எழுத்து வடிவம் காட்டுவது பேசுபவரின் படிப்பை அல்ல, அந்திரேயாஸ் அவரைப் பற்றிப் போட்டுவைத்திருக்கும் கணக்கை. எளியவர் என்று நினைத்தவர் கற்றவர் எனத் தெரிந்ததும், பேச்சின் நடுவிலேயே எழுத்து மாறிவிடுகிறது. எந்தக் குரல் நடிகரால் இதைச் செய்ய முடியும்?

படங்களுக்கு விளையாட்டை உருவாக்கியவர்கள் பார்த்துப் படித்தவற்றில் ஒன்று 1493-இல் ஜெர்மனியில் அச்சாகி வெளியான நூரம்பெர்க் வரலாற்று நூல். அதன் படங்களைச் செய்த வோல்கமுட் பட்டறையில்தான் பின்னாளில் பெரும் ஓவியரான ட்யூரர் இளம் வயதில் தொழில் கற்றார். அந்த நூலில் 1809 படங்கள். மரக்கட்டைகளோ 645 மட்டுமே. ஒரே முகம் பல அரசர்களுக்கு, ஒரே நகரம் பல ஊர்களுக்கு. மொபைல் விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைந்து பிழைப்பவன் நான். ஒரே வீட்டை இரண்டு தெருக்களில் வைத்துவிட்டு யார் கண்ணிலும் படக்கூடாதே என்று இருப்பவனுக்கு, இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதல்!

கோதிக் எழுத்து கண்ணைப் படுத்தினால், எளிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ள அமைப்புகளில் வழி இருக்கிறது. முதல் ஒரு மணி நேரமாவது அதைத் தொடாதீர்கள்.