உடனடிக் காரணம்னு எழுதி மார்க் வாங்கின கதை

முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவைன்னு பரீட்சைல கேட்டா கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தீவிர தேசியவாதம்னு வரிசையா எழுதி, கடைசில 'உடனடிக் காரணம்'னு அடிக்கோடு போட்டு சரயேவோ கொலையை எழுதிட்டா ஃபுல் மார்க். நானும் வாங்கியிருக்கேன். ரொம்ப வருஷம் கழிச்சுதான் தேதி உறைச்சுது. ஆஸ்திரிய பட்டத்து இளவரசரை அந்த 19 வயசுப் பையன் சுட்டது 1914 ஜூன் 28, ஆஸ்திரியா செர்பியா மேல போர் அறிவிச்சது ஜூலை 28. நடுவுல முழுசா ஒரு மாசம், இதுல என்ன உடனடி?

அந்த ஒரு மாசத்த வெச்சுத்தான் ஆய்வாளர்கள் இன்னமும் அடிச்சிக்கிறாங்க. 1919 வெர்சாய் ஒப்பந்தம் 231-வது பிரிவுல பொறுப்பை ஜெர்மனி தலைல கட்டி நஷ்டஈடு கேட்டுச்சா, ஜெர்மனி வெளியுறவுத் துறை நாங்க மட்டுமா காரணம்னு காட்ட பழைய ஃபைலையெல்லாம் பொறுக்கி 40 வால்யூமா அச்சடிச்சுது, அப்புறம் மத்த நாடுகளும் அவங்கவங்க ஃபைலை வெளியிட ஆரம்பிச்சாங்க. ஆய்வாளர் கைக்கு வந்த ஆதாரமே வக்கீல் கட்டு மாதிரிதான். 1928ல அமெரிக்கர் சிட்னி ஃபே எல்லாருக்கும் பங்கு இருக்குன்னு எழுதினார். எல்லாருக்கும் வசதியான பதில்.

அதை உடைச்சது ஒரு ஜெர்மன்காரரேதான், ஹாம்பர்க் பேராசிரியர் ஃப்ரிட்ஸ் ஃபிஷர், 1961ல, பெரிய பங்கு ஜெர்மனிக்குத்தான்னு சொல்லி. அவர் காட்டின ஆதாரம் இது: போர் தொடங்கி ஒரு மாசம் சொச்சம்தான் ஆகியிருக்கு, 1914 செப்டம்பர் 9 தேதி போட்டு ஜெர்மன் சான்சலர் (பிரதமர் மாதிரி) பெத்மான் ஹோல்வெக் ஆபீஸ்ல ஒரு பட்டியல் ரெடியா இருக்கு, பெல்ஜியம் நமக்கு அடங்கின நாடா இருக்கணும், பிரான்ஸோட இரும்புத் தாது நமக்கு வேணும், மத்திய ஐரோப்பா மொத்தமும் நம்ம பொருளாதாரத்துக்குக் கீழ வரணும்னு. சொந்த ஊர்ல செம எதிர்ப்பு. 1964ல அவர் அமெரிக்காவுக்கு லெக்சர் போக இருந்த பணத்தை அரசாங்கம் நிறுத்திடுச்சு, கடைசில அமெரிக்க ஆய்வாளர்கள் ஏற்பாடு பண்ணித்தான் போனார்.

ஆனா ஒண்ணு, போர் ஆரம்பிச்ச பிறகு எழுதின ஆசைப் பட்டியல் போருக்குக் காரணம் ஆயிடுமா? இந்த இடத்துல ஃபிஷர் கொஞ்சம் இழுக்கிறார்னுதான் எனக்குத் தோணுது.

2012ல வரலாற்று ஆய்வாளர் கிறிஸ்டோபர் கிளார்க் தன் புத்தகத்துல கதையை செர்பியத் தலைநகர் பெல்கிரேட்ல இருந்து ஆரம்பிச்சார், 1903ல செர்பிய ராணுவ அதிகாரிங்க சொந்த ராஜாவையே வெட்டிப் போட்ட ராத்திரில இருந்து. அந்தக் கும்பல்ல இருந்த, 'ஆபிஸ்'னு பட்டப்பேர் வெச்ச அதிகாரிதான் பின்னாடி சரயேவோ பசங்களுக்கும் பின்னணி. அங்க இருந்து படிச்சா செர்பியா மேல கோவம் வருது. அதையே ஜூலை 5 பெர்லின்ல இருந்து படிங்க, என்ன பண்ணாலும் நாங்க இருக்கோம்னு ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் ஆஸ்திரியாவுக்கு வாக்கு குடுக்கிறார், கோவம் அப்படியே திசை மாறிடும். என் ஓட்டு ஜூலை 5க்குத்தான், அந்த வாக்கு இல்லன்னா ஆஸ்திரியா அவ்ளோ துணிஞ்சிருக்காது.

இதுல எனக்குப் பிடிச்ச சீன் ஆகஸ்ட் 1. பிரிட்டன் ஒதுங்கும்போல இருக்குன்னு ஒரு தந்தி வருது, உடனே கெய்சர் தளபதி மோல்ட்கேயைக் கூப்பிட்டு பிரான்ஸ் பக்கம் போற படையை மொத்தமா ரஷ்யா பக்கம் திருப்புங்கன்றார். முடியாது, ரயில் டைம்டேபிள் வருஷக்கணக்கா போட்டதுன்றார் அவர். உங்க பெரியப்பாவா (அவரும் பழைய பெரிய தளபதி) இருந்தா வேற பதில் சொல்லியிருப்பார்னு கெய்சர் குத்திக் காட்டினாராம். 1925ல, ராணுவ ரயில் பிரிவுல இருந்த ஜெனரல் ஒருத்தர், திருப்பியிருக்க முடியும்னு கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதிட்டார்.