மல்கான்கிரிக்குக் குடிபோகும் தம்பதியருக்கு

ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் ஊழியப் பணித்தளத்துக்குச் சென்னையிலிருந்து புறப்படும் தம்பதியர் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?" என்றுதான். எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், ஆசிட் ஊற்றிய பேட்டரி மூன்றையும் ரயிலில் ஏற்ற முடியாது. கட்டில், பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றுக்குப் பார்சல் செலவு செய்வது வீண். அவை அந்தப் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கும். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. இருவருக்கும் சேர்த்து 80 கிலோ. அதற்கு மேல் இருப்பதை சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் விசாகப்பட்டினம் வரை போட்டுவிட்டு, அங்கிருந்து லாரியில் ஒடிசாவின் ஜெய்ப்பூருக்கு அனுப்புவது எளிது. முகவரியில் வெறுமனே "ஜெய்ப்பூர்" என்று எழுதாதீர்கள். கோராபுட் மாவட்ட ஜெய்ப்பூரின் ஸ்டேஷன் குறி ஜே.ஒய்.பி., ராஜஸ்தான் ஜெய்ப்பூருக்கு ஜே.பி. ஒரு எழுத்து விட்டுப்போனால் சாமான் வேறு திசைக்குப் போய்விடும். மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் பெட்டியின் இரண்டு பக்கமும் பெயின்டில் எழுதுங்கள். மழையில் மார்க்கர் மை அழிந்துவிடும்.

ஜெய்ப்பூரிலிருந்து மல்கான்கிரி சாலை வழியாகச் சுமார் 100 கி.மீ. அதற்கு மேல் கிராமம் வரைக்கும் ஜீப், டிராக்டர், கடைசியில் நடந்துதான் போகவேண்டும். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பெட்டி எதுவும் வேண்டாம்.

வீடு பார்க்க ஜூலை, ஆகஸ்டில் போங்கள். மார்ச்சில் எல்லா மண்வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். மழையில் பார்த்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சுவரின் அடி எவ்வளவு உயரத்துக்கு ஊறியிருக்கிறது, எந்த ஓடு ஒழுகுகிறது என்பதெல்லாம் தெரியும். சுவரில் விரல் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருந்தால் கரையான். சுரண்டிப் பாருங்கள், உள்ளே உயிரோடு இருந்தால் அந்தச் சுவரை ஒட்டி எதையும் வைக்கக்கூடாது. புத்தகம், வேதாகமம், சான்றிதழ் எல்லாம் தகர டிரங்குப் பெட்டியில், பெட்டி நான்கு செங்கல்லின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி.

ஓடைக்கரை வீடு கண்ணுக்கு அழகாக இருக்கும், தண்ணீரும் பக்கம். ஆனால் வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு மலேரியா புதிதல்ல; இங்கே அதைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசு கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும், வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. அந்த மலைப்பகுதியில் முக்கியமாகப் பரப்புவது அனோபிலிஸ் ஃபுளூவியாடிலிஸ். மெதுவாக ஓடும் தெளிந்த மலையோடையின் ஓரத்துப் புல்லில்தான் அது வளர்கிறது. வருவது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, மூளை வரைக்கும் போகக்கூடியது. தண்ணீர் சுமப்பது கஷ்டம்தான். ஆனாலும் நடக்கிற தூரத்தைக் கணக்குப் பார்த்து ஓடைக்குப் பக்கத்தில் குடியிருக்காதீர்கள்.

கொசுவலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மேலே ஒரு வளையத்தில் தொங்கும் குடைவலை வாங்காதீர்கள். அது உள்பக்கம் சரிந்து இறங்குவதால் தூக்கத்தில் முழங்கையோ முழங்காலோ வலையில் ஒட்டும்; ஒட்டிய இடத்தில் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். நான்கு மூலையும் செங்குத்தாக நிற்கும் பெட்டிவலைதான் சரி. மருந்தேற்றிய வலை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. முதல்முறை பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். துவைத்தால் வெயிலில் உலர்த்தக்கூடாது, மருந்து கெடும். சாதாரண சோப்பில் மெதுவாகக் கசக்கினால் போதும். 20 துவைப்பு வரைக்கும் மருந்து நிற்கும்படி செய்யப்பட்டவை அவை; வாரா வாரம் துவைத்தால் அரை வருஷத்துக்குள் வெறும் வலையாகிவிடும்.

மண்சுவரில் ஆணி நிற்காது. இரவில் ஒரு மூலை அறுந்து விழுந்தால் விடியும்வரை தெரியாது. அதனால் கட்டிலின் நான்கு காலிலும் மூங்கில் கழியைக் கட்டி, மேலே சட்டம் போட்டு, அதில் வலையைத் தொங்கவிடுங்கள். சுவரை நம்பவே வேண்டாம். சூரியன் மறையுமுன் வலையின் அடியை மெத்தைக்குக் கீழே சுற்றிலும் செருகிவிடவேண்டும். படுக்கப்போகும்போது செருகினால், அதற்குள் நுழைந்த கொசுவோடு சேர்ந்து படுக்கிறோம். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபைபர் வலையால் அடைக்கலாம். மூங்கில் பட்டியும் கட்டுக்கம்பியும் போதும். சமையலறையில் மட்டும் அடைக்காதீர்கள். விறகுப் புகை வெளியேற அதுதான் வழி.

செருகிய வலையும் கட்டிலும் பாம்புக்கும் காவல். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது. கடி பெரிதாக வலிக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது என்றுதான் தெரியவரும். கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் எப்போதும் இருக்கும், ராத்திரியில் யாருடைய வண்டி கிடைக்கும் என்ற இரண்டையும் குடிபோன முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதி வையுங்கள். புறப்படுமுன் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய்வாருங்கள். 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் விஷம் எடுக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்கையும் நேரில் ஒருமுறை பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் மறக்காது.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்காதீர்கள். பீங்கான் கேண்டில் ஃபில்டரில் வடித்து, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்ததுதான் குடிக்க. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதென்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கவிட்டு, மேல் தெளிவை மட்டும் சாயங்காலம் ஊற்றினால் காலையில் இறைக்கலாம். திறந்து வைத்த பவுடர் வீரியம் போய்விடும், நெடி இல்லையென்றால் பயனும் இல்லை. ஊர்ப் பொதுக்கிணறாக இருந்தால் ஊராரைக் கேட்காமல் எதையும் போடவே கூடாது.

சோலார் விஷயத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன சாமான்களை மட்டும் வாங்குங்கள்: 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர், 12 வோல்ட் பல்பு, டி.சி. ஃபேன், ஃபியூஸ், ஒயர், மல்டிமீட்டர். பேனலும் 100 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியும் விசாகப்பட்டினத்திலோ ஜெய்ப்பூரிலோ. கணக்கு இதுதான்: 7 வாட் பல்பு மூன்று, ஐந்து மணி நேரத்துக்கு 105; 25 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 200; போன், டார்ச் ஒரு 25. மொத்தம் 330 வாட் ஹவர். 150 வாட் பேனல் நல்ல வெயிலில் இதைத் தாராளமாகத் தரும். பேட்டரியில் இருப்பது 1,200. பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் 600தான், அதாவது வெயில் இல்லாத இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. மழைக்காலத்தில் முதலில் ஃபேனை நிறுத்துங்கள்.

இன்வெர்ட்டர் வைக்காதீர்கள். ஒன்றுமே ஓடாதபோதும் அது 10 வாட் தின்றால் 24 மணி நேரத்தில் 240, ஒருநாள் மின்சாரத்தில் முக்கால்வாசி. ஒயரிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். பேனலிலிருந்து பேட்டரிக்கு 8 ஆம்பியர் ஓடும்போது 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரில் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. ஒயரில் 0.7தான். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டில் 2 வோல்ட் கணக்கிலேயே வராது, 12 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு. கோடையில் பேனலின் வோல்ட்டேஜும் இறங்குவதால் பேட்டரி முழுதாக ஏறாமலே கிடந்து சீக்கிரம் செத்துப்போகும். பலர் பேட்டரியைக் குறை சொல்வார்கள். குறை ஒயரில் இருக்கும். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேனல் தெற்கு பார்த்து, தரைமட்டத்திலிருந்து 18 டிகிரி சாய்வாக. பேட்டரியிலிருந்து வாயு வரும் என்பதால் கட்டிலுக்கு அடியில் வேண்டாம், காற்றோட்டமான மூலையில் வையுங்கள்.

இந்த ஒயரிங் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஃபில்டர் கழுவவும் சோறு வடிக்கவும் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கிராமம் கிராமமாகப் போய்விட்டால் மூன்று, நான்கு நாள் மற்றவர் தனியாகத்தான் இருப்பார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே மண்டியா பேஜ் என்பது நம் கேழ்வரகுக் கூழ்தான். புளியும் மசாலாப் பொடியும் மட்டும் சென்னையிலிருந்து போதும். நிலம் வாங்கும் எண்ணமும் வேண்டாம். மல்கான்கிரி முழுவதும் அட்டவணைப் பகுதி. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பழங்குடியினர் நிலம் மற்றவர்களுக்குப் போக முடியாது. அந்தச் சட்டம் நாம் யாருக்காகப் போகிறோமோ அவர்களைக் காப்பாற்றுவதற்குத்தான். ஊர்த்தலைவரிடம் பேசி, கூடிய சபையில் சொல்லிவிட்டுக் குடியேறுங்கள். காவல் நிலையத்திலும் ஆதார் நகலோடு நீங்களே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

புறப்படுமுன் சென்னையில் இருவரும் ஜி6பி.டி. என்ற என்சைமுக்கான ரத்தப் பரிசோதனை செய்து, ரிசல்ட்டை பர்ஸில் வையுங்கள். வைவாக்ஸ் திரும்ப வராமல் இருக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை கொடுப்பார்கள். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைக்கும். அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் போங்கள். விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் கிட்டும் மாத்திரையும் இலவசம். மறுநாள் காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை முழுக் கணக்குக்குப் போட்டு முடிக்கவேண்டும். விடுமுறைக்குச் சென்னை வந்தபின் காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்பதற்கு முன்பே "மல்கான்கிரியிலிருந்து வருகிறோம், ஃபால்சிபேரம் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று பார்ப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும்.