மறந்துட்டா யாரைக் கேக்கிறது?

புதுச்சேரியில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறேன். டேலி, டைப்பிங் வகுப்புகள் போக, கேட்டு வருகிறவர்களுக்கு அந்தரங்கத்தைக் காக்கும் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம்) போட்டுக் கொடுப்பதும் என் தலையில் வந்து சேர்ந்தது. அந்தரங்க உரிமை என்று பேசிக்கொண்டு யாரும் வருவதில்லை. "ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸப்பைத் திறந்தபடியே விட்டுட்டேன்", "என் பேர்ல எவனோ ஃபேஸ்புக்ல காசு கேக்கிறான்" என்றுதான் வருவார்கள்.

கல்லூரிப் பையன்கள் மட்டும் எடுத்ததும், யார் பார்க்கிறார் என்று தெரியாமல் இணையம் பார்க்க உதவும் டார் உலாவி கேட்பார்கள். போட்டுத் தருவேன். மூன்று இடைக்கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாகத்தான் வரும், அதற்குள் போய் சொந்த இன்ஸ்டாகிராமில் லாகின் செய்தால் நீ யாரென்று நீயே சொன்னதாகிவிடும் என்றதும் பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போகும்.

மற்றவர்களுக்கு முதலில் கொடுப்பது கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டுப் பெட்டகம். எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டிய ஒரே கோப்பாக நம் கணினியிலேயே இருக்கும். திறக்க ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு. "அது மறந்துட்டா யாரைக் கேக்கிறது?" என்ற கேள்வி உடனே வரும். யாரையும் கேட்க முடியாது. சர்வர் இல்லை, ஓடிபி இல்லை, எழுதியவர்களாலேயே திறக்க முடியாது. திருடனுக்குத் திறக்காததும் அதனால்தான். இதைக் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போனவர்கள் உண்டு. அதை அறியாமை என்று நான் நினைப்பதில்லை, நியாயமான பயம்.

பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்து அம்மா ஒருவர், "நோட்டுலயே எழுதி வச்சிருக்கேனே தம்பி, போதாதா?" என்று கேட்டார். விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இணையம் வழியாக வருகிற எவனாலும் பீரோவில் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. அவருடைய சிக்கல் வேறு: வங்கி, மின்னஞ்சல், பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஒரு இடத்தில் கசிந்தால் எல்லாம் போச்சு. அதனால் நோட்டு இருக்கட்டும், அதில் முதன்மைப் பாஸ்வேர்டை மட்டும் எழுதுங்கள் என்றேன்.

அந்தப் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சுவாரசியமான பகுதி. குறளிலிருந்தோ சினிமாப் பாட்டிலிருந்தோ எடுக்கலாமா என்பார்கள். ஊருக்கே தெரிந்த வரியைப் பாஸ்வேர்டு உடைப்பவனும் முதலில் போட்டுப் பார்ப்பான். தாயக்கட்டை உருட்டுவது போலப் பகடை உருட்டிச் சொற்களை எடுப்பதே நல்லது. டைஸ்வேர் என்ற இந்த முறை 1995-இலேயே வந்தது. அதன் பட்டியலில் எண் போட்ட 7776 சொற்கள்; ஐந்து பகடை உருட்டி விழும் எண்ணுக்கு ஒரு சொல். ஆங்கிலச் சொற்கள் இங்கே பலருக்கு மனதில் நிற்காது. கத்தரி, சுறா, திண்ணை மாதிரி 1296 சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டிப் பட்டியல் வைத்துக்கொண்டால் நான்கு பகடை போதும். பட்டியல் சிறிது என்பதால் பாஸ்வேர்டுக்கு ஐந்து சொல்லுக்குப் பதில் ஆறு சொல் எடுக்க வேண்டும். பலம் ஏறக்குறைய அதேதான்.

அப்புறமும் வங்கிப் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற விடமாட்டேன். போனால் போகட்டும் என்கிற ஒரு கணக்கை மட்டும் உள்ளே போட்டு, கோப்பைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து அனுப்புவேன். அடுத்த வாரம் வந்து, என் உதவி இல்லாமல் அந்த நகலைத் திறந்து காட்டினால்தான் மற்றவை.

வாட்ஸப் மாதிரியே செய்தி அனுப்பும் செயலியான சிக்னலை நானாகச் சிபாரிசு செய்வது குறைவு. வாட்ஸப் செய்திகளைப் பூட்டுவதும் 2016 முதல் சிக்னலின் முறைதான். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தைச் சிக்னல் சேர்த்து வைப்பதில்லை, அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம்; வித்தியாசம் அங்கே. ஆனால் பாரிஸில் இருக்கும் மகன் வாட்ஸப்பில்தான் இருக்கிறான் என்றால் அம்மாவின் போனில் மட்டும் போட்டு என்ன பயன்? அவன் அங்கே போட்டுவிட்டு "இதுல கூப்பிடும்மா" என்றால் அன்றைக்கே வந்து நிற்பார்கள்.