கிரிக் காட்டுப் பாதையில் ஒரு காலை

பினாங்கில் இருந்து கிளம்பும்போதே மணி மூன்று. கிளந்தான் மாநிலத்துத் தானா மேராவில் ஆசிரியையாக இருக்கும் தங்கை வீட்டுக்கு நானும் சித்தப்பாவும் போகிறோம். பாலிங் வழியாகக் கிரிக் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து ஜெலிவரை சுமார் 120 கிலோமீட்டர், பெரும்பாலும் காடு.

"ரெண்டு மணி நேரம்தானே சித்தப்பா, போயிடலாம்" என்றேன். அந்தப் பாதையில் இருபது வருஷம் லோரி ஓட்டியவர் அவர். "காலையில போலாம்பா" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே பாதையில் இரவு ஒன்பது மணிக்கு, வெள்ளையாக ஏதோ சாலையில் கிடந்தது. சாக்குமூட்டை என்று நினைத்தேன். மூட்டை நடந்தது. தாப்பிர்! தலையும் கால்களும் கறுப்பு, நடு உடம்பு மட்டும் வெள்ளை. இருட்டில் கறுப்பு கண்ணுக்கே தெரியவில்லை. முந்நூறு கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய காட்டுப் பிராணி. பம்பருக்கும் அதற்கும் ஒரு கை தூரம் இருக்கும்போது கார் நின்றது. அது மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகப் புதருக்குள் போனது. எனக்குத்தான் வெகுநேரம் கை நடுங்கியது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறோம். காரின் லோ பீம் விளக்கு காட்டுவது ஐம்பது மீட்டர் போல. கால் பிரேக்குக்குப் போவதற்குள் பாதி தூரம் தீர்ந்துவிடும். அறுபதில் போனால் வினாடிக்கு 17 மீட்டர்கூட இல்லை. அந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் பிழைக்கும்.

கனடாவில் இருக்கும் அக்கா, அங்கே அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மான்கள் இணை தேடும் காலம், கிடா பெட்டையைத் துரத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ரோட்டில் பாயும் என்பாள். அந்தியிலும் விடியலிலும் ரொம்பக் கவனமாக ஓட்டுவாளாம். நம் யானைக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. சாலையோரம் வெயில் படுவதால் புல் செழிக்கிறது. அதை மேய வருஷம் முழுக்க வரும், பெரும்பாலும் இரவில். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, இதே சாலையில் லோரி மோதி ஒரு யானைக்குட்டி செத்தது. அதன் தாய் லோரியில் தலையை முட்டிக்கொண்டு நின்ற காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பண்டிங் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஓரத்தில் காட்டுவாழை முறிந்து கிடந்தது. பக்கத்திலேயே சாணம், இன்னும் ஆவி பறந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்து, நன்றாகத் தள்ளியே நிறுத்தினார். ஹார்ன் இல்லை, ஹை பீம் இல்லை.

ஒரு பெண் யானை வந்தது. பின்னாலேயே ஒரு குட்டி. இரண்டும் தாண்டியதும் நான் "போலாமா?" என்றேன். "ஒண்ணு தாண்டுனா இன்னொண்ணு வரும், பொறு."

பின்னால் வந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அசைத்தார். லோரியும் நின்றது.

ஒரு நிமிஷம் கழித்துப் புதர் அசைந்தது. இன்னொரு குட்டி, முன்னதைவிடச் சின்னது, தாரில் கால் வைக்கத் தயங்கி, பிறகு ஓட்டமாக ஓடி அந்தப் பக்கம் சேர்ந்தது.