மரக்கன்றில் தொடங்காதீர்கள்: ஈராசிரியர் பள்ளியில் பசுமை வேலை நிலைத்த விதம்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நேரமும் ஏறத்தாழ அதுதான். அன்றைக்கு ஊரைக் கூட்டி நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை காலாண்டுத் தேர்வுக்குள் குச்சியாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளை விட்டால் தென்மேற்குப் பருவமழையில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. ஜூனில் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டியிருக்கும்போது கன்றுக்கு யார் ஊற்றுவது? அதனால் எங்கள் பள்ளியில் நடவை ஐப்பசிக்குத் தள்ளிவிட்டோம். ஜூனில் செய்வது குழி வெட்டுவது மட்டும். 2 அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் குவித்து, குழியை வெயிலில் காயவிட்டு, முதல் மழை இறங்கியதும் மேல்மண்ணோடு தொழுஉரம் ஒரு கூடை கலந்து மூடிவிட்டால் நடவுக்கு அரை நாள்கூட ஆகாது.

மரத்தைவிட முக்கியமானது, பள்ளியில் தினமும் தானாக நடக்கிற மூன்று வேலைகள்: சாப்பாடு, தட்டுக் கழுவுதல், வளாகம் பெருக்குதல். பசுமை வேலை இந்த மூன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் யாரும் நினைவூட்டாமலே நடக்கும். தனி நாள், தனி நேரம் என்று ஒதுக்கினால் தேர்வு வந்தவுடன் முதலில் அடிபடுவது அதுதான்.

முதலில் ஒரு வாரம் எடை போட வேண்டும். தொங்கு தராசு ஒன்று போதும். காய்த்தோல், முட்டை ஓடு, தட்டில் மிஞ்சிய சோறு, பிளாஸ்டிக் உறை என்று நான்கு வாளி வைத்து, சாப்பாடு முடிந்ததும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எடை எழுதுவார்கள். கிராம், கிலோகிராம் பாடமும் பட்டை வரைபடமும் இதிலேயே முடிந்துவிடும். முட்டை ஓட்டை வாளியில் போடும் முன்பே கணக்காகவும் கேட்கலாம். ஒரு முட்டை 50 கிராம் என்றால் ஓடு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 60 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம், வாரம் ஐந்து நாளும் முட்டை என்பதால் ஒன்றரைக் கிலோ.

இந்த ஓடுதான் எல்லா ஏற்பாட்டையும் கெடுக்கும். பிள்ளைகள் தட்டிலேயே உரித்துப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனால் கால்வாய் அடைத்துக்கொள்ளும். பரிமாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாளி வைத்து, உரித்த பிறகுதான் தட்டோடு உட்கார வேண்டும் என்று பழக்க வேண்டும். ஓட்டை முழுசாக உரக்குழியில் போட்டால் உரம் எடுக்கும்போதும் அப்படியே கிடக்கும், உள்சவ்வின் வாடைக்கு நாயும் வரும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சாக்கில் கட்டி மிதித்து நொறுக்கினால் பொடியாகிவிடும். ஒன்றாம் வகுப்பு இந்த வேலைக்குப் போட்டி போடும்.

உரத்துக்கு, கிணற்றில் இறக்குகிற மாதிரி 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகள் வாங்கினோம். இரண்டு உறையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தொட்டி. இரண்டு தொட்டி வேண்டும்: ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கும். அடியில் தளம் போடக்கூடாது, மண்ணோடு தொடர்பு இருக்கட்டும். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், எலி நுழையாமல் அவற்றில் சன்னக் கம்பிவலை. அடியில் அரையடி உயரத்துக்குக் காய்ந்த குச்சி. அதன் மேல் தினமும் ஒரு வாளி காய்த்தோலுக்கு மூன்று வாளி சருகு, வாரம் ஒருமுறை சாணக் கரைசல் அரை வாளி. சருகைக் குறைத்தால் நாற்றம் கிளம்பும், புழு நெளியும், அன்றைக்கே பெற்றோர் புகார் வரும். அப்படி ஆனால் உடனே சருகைக் கொட்டிக் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. முதல் பருவத்தில் நிரப்பி செப்டம்பர் கடைசியில் மூடிய தொட்டியைத் தை பிறந்ததும் திறக்கலாம்.

சமைத்த சோற்றை அதில் போடவே கூடாது. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மிச்சச் சோறும் அரிசி களைந்த நீரும் ஊரில் மாடு வைத்திருப்பவரின் கழுநீர்ப் பானைக்குப் போகட்டும். ஒருவரிடம் பேசிவைத்தால் தினமும் வந்து எடுத்துக்கொள்வார், பதிலுக்குச் சாணம் கிடைக்கும். எடைக் குறிப்பில் ஒரு குறிப்பிட்ட கிழமையில் மட்டும் மிச்சம் கூடுகிறது என்றால் சமையலரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது பிள்ளையின் உரிமை. முதலில் பாதி வைத்து மறுபடி கேட்டால் போடுவது என்ற முறையே போதும்.

தட்டுக் கழுவும் தண்ணீரில்தான் அதிகம் தவறு நடக்கும். தலைக்கு 2 லிட்டர் என்றாலும் 60 பேருக்கு 120 லிட்டர். காலை உணவுத் திட்டம் வந்தபின் இரண்டு வேளைக்கு 240. இதைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சோற்றுப் பருக்கை சில வாரத்திலேயே குழாயை அடைத்துவிடும். செங்கல் வைத்த திறந்த கால்வாய்தான் நல்லது: அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தள்ளலாம். 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருக்கட்டும். கால்வாய் தொடங்கும் இடத்தில் ஓரடிச் சதுரத் தொட்டி, அதற்குள் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடை. அந்தக் கூடையைத் தினமும் மதியம் கவிழ்த்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் குழாயடியில் நிற்க முடியாது.

கால்வாய் முடிவில் 3 அடி அகலம், 2 அடி ஆழக் குழி. அடியில் ஓரடிக்கு உடைந்த செங்கல், மேலே சரளை. சுற்றி வாழை, கல்வாழை, சேம்பு. அடிபம்பு, கிணறு இருக்கும் பக்கம் இதை வெட்டாதீர்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் தேங்கி நின்றால் குழி போதவில்லை என்று அர்த்தம், அடுத்து ஒன்று வெட்டி இணையுங்கள். ஒரு வாரம் தேங்கினால் கொசு பறக்கத் தொடங்கிவிடும். கழிப்பறை கழுவிய ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இந்தக் கால்வாயில் கலக்கவே கூடாது.

பெருக்கிய சருகைக் காலையில் மூலையில் கொளுத்துவது பல பள்ளிகளில் நடக்கிறது. புகை நேரே வகுப்பறைக்குள் போகிறது, எரிவதோ உரத்துக்குத் தேவையான பொருள். தூய்மைப் பணியாளரைக் கடிந்து பயனில்லை, கொட்ட இடம் வேண்டும். 4 அடி உயரக் கம்பிவலையை 3 அடி வட்டமாக வளைத்துக் கட்டி, அவர் வழக்கமாகக் குவிக்கும் அதே மூலையில் நிறுத்தினாலே போதும். வேம்பு மாசி, பங்குனியில் உதிர்ப்பதை முழுக்கச் சேர்த்துவைத்தால் ஆண்டு முழுவதற்கும் ஆகும்.

தோட்டத்தில் முதல் பயிர் கீரையாக இருக்கட்டும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் எல்லை. 3 அடிக்கு 6 அடிப் பாத்தி, விதையோடு ஐந்து மடங்கு மணல் கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். எறும்பு விதையை இழுத்துப் போகும். சுற்றிலும் சாம்பல் தூவி, முளைக்கும் வரை தென்னை ஓலை போட்டு மூடுங்கள். சனி, ஞாயிறில் நுழையும் ஆட்டுக்கு வேலியாக நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கி நட்டால் மேயாது. அவை வளரும்வரை முள் அடைக்கத்தான் வேண்டும்.

முருங்கையை வகுப்பறைச் சன்னலோரம் நடாதீர்கள். மழைக்காலத்தில் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும், பிள்ளைகள் சொறிந்துகொண்டே அழும். விளையாடாத மூலையில் நட்டு, 3 அடியில் நுனி கிள்ளினால் கிளை தாழ்வாகப் பரவும், புயலிலும் முறியாது. பப்பாளி விதையென்றால் குழிக்கு மூன்று போட்டுப் பூ வந்ததும் ஆண் செடிகளை எடுத்துவிடலாம். வளாகத்துக்கு ஓர் ஆண் செடி போதும்.

பிறந்தநாள் சாக்லேட் உறையைப் பழைய பொருள் கடைக்காரர் வாங்க மாட்டார், அது மக்கவும் மக்காது. பெற்றோர் கூட்டத்தில் பேசி, உறையில்லாத கடலை மிட்டாய் அல்லது அவித்த கடலை என்று மாற்றினோம். பள்ளியே ஒரு டப்பாவில் வாங்கி வைத்து அதற்கான பணத்தைப் பெற்றோரிடம் பெற்றுக்கொண்டால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது.

இனி மே மாதம். தட்டுத் தண்ணீர் நின்றுவிடும், ஆசிரியர் வரமாட்டார். ஏப்ரலுக்குள் காய்கறிப் பாத்தியை முடித்துவிட்டுச் சருகால் மூடிவிடுங்கள். கல்வாழையும் சேம்பும் கருகினாலும் கிழங்கிலிருந்து மழைக்குத் துளிர்க்கும். முதலாண்டுக் கன்றுக்கு மட்டும் பானைப் பாசனம்: 5 லிட்டர் மண்பானை, அடியில் சின்னத் துளை, அதில் பருத்தித் திரி. கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து மூடி போட வேண்டும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, அந்த மாத முருங்கை அவர்களுக்கே என்று சொல்லிவிடுங்கள்.

அதே மேயில் பணிமாறுதல் கலந்தாய்வும் வரலாம். முனைப்பாகச் செய்த ஆசிரியர் போய்விட்டால் தொட்டி குப்பைமேடாகும். ஆகவே ஏப்ரல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே கூடையை யார் கழுவுவது, கழுநீர் யாருக்கு, சாவி யாரிடம், எந்தத் தொட்டி எப்போது மூடப்பட்டது என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். புதிதாக வரும் தலைமையாசிரியர் முதலில் புரட்டுவது அந்தத் தீர்மானப் புத்தகத்தைத்தான்.