யாழ்ப்பாணத்து நிலத்துக்குச் சரிவந்த ரயர்ச் சோடி

என் மவுண்ரன் சைக்கிளில் முன்னுக்கு மக்சிஸ் ஃபோர்காஸ்ரர் 29×2.40 (அங்குலத்தில் விட்டமும் அகலமும்), பின்னுக்கு அதே அளவில் மக்சிஸ் றெகன். இரண்டும் ரியூப்லெஸ், அதாவது உள்ளே ரியூப் இல்லை; றிம் உள்ளகலம் 30 மி.மீ. தார் றோட்டில் மந்தமாக ஓடுவதில்லை, கீரிமலைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் அடி வாங்குவதில்லை, மணற்காட்டில் புதைவதும் குறைவு. குடாநாட்டுக்கு இதைவிட நல்ல சோடி இப்போதைக்குக் கண்ணில் படவில்லை.

மலைநாட்டில் ஓடுபவர்களின் தெரிவு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே நீண்ட இறக்கங்கள்; பிறேக் பிடிக்கும்போது பின் ரயர் மண்ணைக் கவ்வ வேண்டும். நமக்கு இறக்கமே இல்லை. ஒரு மண் ஒழுங்கையிலிருந்து அடுத்ததுக்குப் போக இடையில் எப்படியும் தார் வந்துவிடும். ஆகவே பின்னுக்கு, நடுக்கட்டைகள் (ரயர் மேலுள்ள றப்பர் புடைப்புகள்) பதிவாக இருக்கும் றெகன் தாராளம். வளைவைப் பிடிக்க அதன் ஓரக்கட்டைகள் இருக்கின்றன. முன் சில்லில் மட்டும் பிடிப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. அது வழுக்கினால் மீட்க நேரம் கிடைக்காது.

மணலுக்கு உயரமான கட்டை வேண்டும் என்று பலர் வாங்குகிறார்கள். காய்ந்த மணலில் அந்தக் கட்டைகள் தோண்டிக்கொண்டு இறங்கும். மேலே நிற்க வைப்பது ரயரின் அகலமும் குறைந்த காற்றும்தான்.

இனிக் காற்று. பிடிப்பு, வேகம், றிம்மின் ஆயுள் மூன்றுமே இதில் தங்கியிருக்கின்றன. ஏறக்குறைய 70 கிலோ ஆளுக்கு முன்னுக்கு 19, பின்னுக்கு 22 பி.எஸ்.ஐ. நல்ல தொடக்கம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, கல் நிறைந்த ஒரே துண்டுப் பாதையை வைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்கு 26இல் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்குங்கள். றிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்ட இடத்தில் நிறுத்தி 2 கூட்டினால் அதுதான் பின் அளவு; முன்னுக்கு அதைவிட 3 குறைவு. முழுக்க மணல் என்றால் முன்னுக்கு 15 வரை இறக்கலாம். ஆனால் அந்தக் காற்றோடு தார் வளைவில் வேகமாகச் சாயாதீர்கள். ரயர் விளிம்பு றிம்மை விட்டு விலகிக் காற்று பீறிடும்.

நிலத்தில் நிறுத்திக் காற்றடிக்கும் நில்பம்பின் முள்ளை நம்பி இதைச் செய்ய முடியாது. 160 வரை காட்டும் வட்டத்தில் 19க்கும் 22க்கும் இடையில் ஒரு மயிரிழைதான். 30 அல்லது 60 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் தனி அளவுமானி கட்டாயம் வேண்டும். நம்மூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். நிழலில் 30 பாகையில் 22 அடித்த ரயர், வெயிலில் நின்று 50 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ இரண்டரை கூடிவிடும். அளப்பதென்றால் எப்போதும் காலையில், நிழலில்.

முள்ளுக்குத்தான் ரியூப்லெஸ். நெருஞ்சி முள் போடும் சின்ன ஓட்டைகளைச் சீலன்ற் (ரயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம்) தானே அடைத்துவிடும், 29×2.4 ரயருக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். இந்தச் சூட்டில் அது கெதியாகக் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பனைமட்டைக் கருக்குத்தான் பெரிய எதிரி. பக்கச்சுவரை அறுத்தால் சீலன்ற் நிற்காது. அதனால் மக்சிஸ் வாங்கினால் பக்கத்தில் ‘எக்ஸோ’ என்று அச்சிட்டதையே வாங்குங்கள். அறுபடாமல் இருக்கப் பக்கச்சுவரில் கூடுதல் படை வைத்திருப்பார்கள். நிறை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

வாங்கும்போது அங்குலத்தைப் பார்க்காதீர்கள், ரயர் றிம்மில் குந்தும் விட்டத்தை மி.மீ.இல் சொல்லும் 622 என்ற எண்ணைப் பாருங்கள். பழைய பெரிய சைக்கிளின் 28×1½ ரயர் 635. பெயரில் சிறியது, விட்டத்தில் பெரியது, 29 றிம்மில் நிற்காது. 29×2.4 என்றால் 61-622 என்று இருக்கும். பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருக்கும். மலிவு விலையில் பழைய இருப்பு வந்தால், மடித்த இடத்தை விரித்து மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மாரிக்கு வேறு ரயர் போடும் திட்டம். நனைந்த கோப்பாய்ச் செம்மண் 2.4இல் அப்பி, பின் சட்டத்துக்குள் இறுகிவிடும். கட்டைகளுக்கு இடையில் வெளி கூடிய விற்றோரியா பார்சோ 29×2.25 மனதில் இருக்கிறது.

அதற்கு முன் பின் சில்லின் மெல்லிய கசிவு முடியவேண்டும். சோப்புத் தண்ணீர் வைத்தால் வால்வு அடியில் குமிழி வருகிறது. வட்ட அடி றப்பர் இந்த றிம் பள்ளத்தில் சரியாகக் குந்தவில்லை; கூம்பு அடி வால்வு வரவேண்டும். அதோடு றிம்மின் உள்துளைகளை மூடும் றிம் ரேப்பையும் புதிதாக 33 மி.மீ. அகலத்தில், இழுத்துப் பிடித்து, வால்வுத் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கிச் சுற்றவேண்டும்.